குழந்தையின் எடையும் பஞ்சாயத்தின் கடமையும்

(திருத்தணியில் கூடிய பஞ்சாயத்து அங்கத்தினர்கள், விவசாயிகள் முன்னிலையில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நமது கூட்டங்களில் வழக்கமாகப் பேசப்படுபவை சாலை, ஏரி மதகு, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு முதலியன. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. குழாயில் ஒரு நாள் நீர் வராவிடில் மறுநாள் காலையில் ஊரார் நம் வாயிலில் வந்து நிற்பார்கள். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அவ்வளவு எளிதில் கண்ணுக்குப் படுவதன்று. பால்வாடி என்று நாம் வழங்கும் அங்கன்வாடியில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வளர்ச்சி அட்டை உண்டு. ஆண் குழந்தைக்கு நீல நிறம், பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்பு. மாதந்தோறும் குழந்தையை நிறுத்து, எடையை அந்த அட்டையில் ஒரு புள்ளியாக இடவேண்டும். புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு கிடைக்கிறது. அந்தக் கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டால், அதற்காக எவரும் நம் வாயிலுக்கு வந்து முறையிடுவதில்லை. குழந்தைக்கு முறையிடத் தெரியாது. பெற்றோருக்கோ பல சமயங்களில் அது தெரியவே தெரியாது.

இந்த அட்டையைப் பற்றிப் பெற்றோரிடம் இருவகை மனநிலைகளை நாம் காண்கிறோம். சிலர் அதைப் பள்ளிக்கூடத்து மதிப்பெண் பட்டியல் போல எண்ணி அஞ்சுகிறார்கள். “பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்துக் கிலோ, எங்கள் பிள்ளை எட்டுக் கிலோதான், டீச்சர்” என்று அங்கன்வாடிப் பணியாளரிடம் கண் கலங்கும் தாய்மார் உண்டு. அன்றே கடைக்குச் சென்று விலையுயர்ந்த டப்பா மாவை வாங்கி வரும் தந்தையரும் உண்டு. வேறு சிலரோ அட்டையைத் திறந்தே பார்ப்பதில்லை. “எங்கள் பரம்பரையே சிறு உடம்புதான், ஐயா” என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். கவலை வேண்டாத இடத்தில் கவலையும், கவலை வேண்டிய இடத்தில் அமைதியும் இருப்பதே இதில் உள்ள சிக்கல்.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒரே தெருவில் இரண்டு பெண் குழந்தைகள். இருவருக்கும் ஒரு வயது நிரம்பிவிட்டது. முதற் குழந்தையின் எடை ஆறாம் மாதத்தில் 6.2 கிலோ, எட்டாம் மாதத்தில் 6.7, பத்தில் 7.1, பன்னிரண்டில் 7.4. இரண்டாவது குழந்தைக்கு ஆறாம் மாதத்திலேயே 8.2 கிலோ, எட்டாம் மாதத்தில் 8.8, பத்தில் 8.9, பன்னிரண்டில் 8.8. தெருவில் உள்ளோர் எந்தக் குழந்தையைக் கண்டு ‘நோஞ்சான்’ என்பார்கள்? ஐயமின்றி முதற் குழந்தையைத்தான். ஆனால் அந்தச் சிறு குழந்தையின் கோடு அட்டையில் அச்சிட்ட கோட்டுக்கு இணையாக ஏறிக்கொண்டே போகிறது. அது தன் வழியில் நன்றாக வளர்கிறது. கொழுகொழுவென்றிருக்கும் இரண்டாவது குழந்தை நான்கு மாதமாக வளரவேயில்லை. புள்ளி இன்னும் பச்சைப் பகுதியில்தான் இருக்கிறது. அதனால் யாரும் கேட்கமாட்டார்கள். மஞ்சளுக்கு இறங்கிய பின்னரே கேட்பார்கள், ஆரஞ்சுக்கு இறங்கினால் ஓடுவார்கள். அதற்குள் பொன்னான மாதங்கள் போய்விடும். ஆதலின் புள்ளி எந்த நிறத்தில் விழுகிறது என்பதோடு நின்றுவிடாமல், கோடு எந்தத் திசையில் போகிறது என்பதையும் பார்க்கவேண்டும். கன்றுக்குட்டி பால் குடித்தும் பெருக்கவில்லையென்றால், அடுத்த தொழுவத்துக் கன்றோடு ஒப்பிட்டுக் கொண்டிருப்போமா? போன மாதம் எப்படி இருந்தது என்றுதானே எண்ணிப் பார்ப்போம்?

‘எங்கள் பரம்பரையே சிறு உடம்பு’ என்ற பேச்சுக்கு வருவோம். இது படித்தவர்களிடையேயும் இருந்த எண்ணந்தான். 1980-களில் அயல்நாட்டுப் பொருளியல் அறிஞர் ஒருவர், ஏழை நாட்டுக் குழந்தைகள் ‘சிறியவர்கள், ஆயினும் ஆரோக்கியமானவர்கள்’ என்று வாதித்தார். அதனைக் கடுமையாக மறுத்தவர்களுள் முன்னின்றவர் சேலத்தில் 1918-இல் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் டாக்டர் சி. கோபாலன் ஆவார். பின்னர் உலகச் சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து ஆராய்ந்தது. இந்தியாவில் அளக்கப்பட்டவர்கள் தென்தில்லியின் குழந்தைகள். தாய்ப்பாலும் நல்ல உணவும் சுத்தமான சூழலும் பெற்று வளர்ந்த அந்தக் குழந்தைகள், எந்த நாட்டவராயினும் முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரே விதமாக வளர்ந்தார்கள். அந்த ஆராய்ச்சியிலிருந்து 2006-இல் வெளியிடப்பட்ட அளவுகளே இன்று நம் அங்கன்வாடி அட்டையில் உள்ளவை. ஆகையால், ‘இது வெள்ளைக்காரக் குழந்தைக்கு எழுதிய கணக்கு’ என்று தள்ளிவிட இடமில்லை. தாயும் தந்தையும் குட்டையானவர்களாயின் குழந்தை சற்றுச் சிறியதாக இருக்கலாம். அதன் கோடு தாழ்வாகவும் ஓடலாம். ஆனால் எந்தப் பரம்பரையிலும், ஏறிக்கொண்டிருந்த கோடு ஒன்பதாம் மாதத்தில் திடீரென்று படுத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை.

வீண் கவலைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். பிறந்த சில நாட்களில் குழந்தையின் எடை பத்தில் ஒரு பங்கு வரை குறைவது இயல்பு. இரண்டு வாரத்திற்குள் அது மீண்டுவிடும். ஐந்து மாத அளவில் பிறந்த எடை இருமடங்காகும். ஒரு வயதில் மும்மடங்காகும். அதன் பின் வேகம் குறையும். இரண்டாம் ஆண்டு முழுவதற்கும் இரண்டரைக் கிலோ அளவுதான் கூடும். ‘நடக்க ஆரம்பித்ததும் பிள்ளை இளைத்துவிட்டது, முன்போல் சாப்பிடுவதில்லை’ என்று தாய்மார் சொல்வதில் பாதி இந்த வேகக் குறைவேயாகும். மாதம் 200 கிராம் ஏறிக்கொண்டிருந்தால் அஞ்சவேண்டியதில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, அது பிறந்திருக்கவேண்டிய நாளிலிருந்து கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். இதனை மறந்து பல தாய்மார் தம்மையே நொந்துகொள்கிறார்கள்.

நிற்க. இந்த எடைக் கணக்கு நம் மாகாணத்திற்குப் புதிதன்று. 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் பரவத் தொடங்கியபோது நம் திருத்தணி ஆந்திர எல்லைக்குள் இருந்தது. 1960 ஏப்ரல் முதல் நாளன்றுதான் நாம் இப்பக்கம் வந்து சேர்ந்தோம். பள்ளியில் சோறு போட்டது பெரும் புண்ணியம். ஆயினும் பள்ளிக்கு வரும் ஐந்து வயதில், உடல் வளர்ச்சியின் முக்கியமான பருவம் கடந்துவிட்டிருக்கும். குழந்தை உயரத்தில் பின்தங்குவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில்தான். இதை உணர்ந்து 1980-இல் உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் முதலில் நடத்திப் பார்த்து, பின் பிற இடங்களுக்கு விரித்தார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுப்பது. எடை சரிவர ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துணவு உருண்டை கொடுப்பது. கோடு ஏறத் தொடங்கியதும் நிறுத்திவிடுவது. இதுவே அதன் முறை. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்றில்லாமல், வளர்ச்சி தடைப்பட்ட குழந்தையைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். கடுமையான சத்துக்குறைவு அந்த ஊர்களில் நன்றாகக் குறைந்தது. நடுத்தரக் குறைவு அவ்வளவு குறையவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

அட்டையையே மந்திரமாக எண்ணிவிடவும் கூடாது. 1993-இல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ ஏட்டில் தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. பன்னிரண்டு கிராமங்களை எடுத்துக்கொண்டு, ஆறில் வளர்ச்சி அட்டையுடன் அறிவுரையும் உதவியும் அளித்தார்கள். மற்ற ஆறில் அட்டை மட்டும் இல்லை, பிற உதவிகள் எல்லாம் அவ்வாறே. முடிவில் இரு தொகுதிக் குழந்தைகளின் வளர்ச்சியிலும் வேறுபாடு காணப்படவில்லை. இதைக் கேட்டு, ‘அப்படியானால் நிறுப்பானேன்?’ என்று சிலர் கேட்கக்கூடும். நாம் கொள்ளும் பொருள் வேறு. தராசு குழந்தைக்குச் சோறு ஊட்டாது. நிறுத்த பின் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கோடு படுத்தது கண்டு எவரும் அசையாவிடில் அந்தக் கோடு வெறும் மை. பதிவேட்டை நிரப்புவதற்காக நிறுக்காமலே எண் எழுதினால், அது மையைக் காட்டிலும் கேடு. ஏனெனில் குழந்தை நன்றாயிருக்கிறது என்று ஊரையே நம்பவைத்துவிடுகிறது.

ஆகவே, நிறுத்தலைப் பற்றியும் ஊட்டலைப் பற்றியும் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நிறுப்பதில் முதற்கேள்வி தராசு சரியானதா என்பது. தொங்கு தராசாயினும் மின் தராசாயினும், குழந்தையை வைக்கும் முன் முள் பூஜ்யத்தில் நிற்கவேண்டும். ஒரு வயதுக் குழந்தையின் கணக்கில் அரைக்கிலோ பிசகினால் இரண்டு மாத வளர்ச்சி பிசகியதாகும். சட்டை, அரைஞாண் கயிற்றில் கோத்த காசு, கால் தண்டை இவையெல்லாம் எடையில் சேரும். பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவர் மாதம் ஒருமுறை அங்கன்வாடிக்குச் சென்று, கடைக்காரரிடம் இரவல் பெற்ற முத்திரையிட்ட இரண்டு கிலோ எடைக்கல்லை அந்தத் தராசில் வைத்துப் பார்த்தால் போதும். இதற்கு எந்த உத்தரவும் வேண்டியதில்லை.

இரண்டாவது, கண்ணேறு. ‘பிள்ளையை நிறுத்தால் திருஷ்டி பட்டு இளைத்துவிடும்’ என்று பாட்டிமார் சொல்வதை நாம் ஏளனம் செய்யலாகாது. குழந்தைக்கு முடியிறக்கிக் காது குத்த நம் மலைக்கு வரும் குடும்பங்கள் எத்தனை! துலாபாரம் என்று குழந்தையைத் தராசில் வைத்து எடைக்கு எடை வெல்லமும் கற்கண்டும் கொடுக்கும் வழக்கம் பல திருக்கோயில்களில் இருக்கிறது. தராசு நமக்கு அந்நியமன்று. தாய்மார் வருந்துவது, நாலு பேர் முன்னிலையில் எடையை உரக்கக் கூவுவதைக் கேட்டுத்தான். ஆகையால் ஒரு தட்டி மறைவில் நிறுத்து, தாயிடம் மட்டும் மெல்லச் சொல்லிக் கோட்டைக் காட்டவேண்டும். தெலுங்கு பேசும் வீடுகளில் அட்டையின் தமிழ் எழுத்து புரியாமற் போகலாம். கோடு ஏறுவதும் இறங்குவதும் எந்தப் பாஷையும் அறியாதவருக்கும் புரியும். ஆயினும் பணியாளர் அதைத் தெலுங்கிலேயே எடுத்துச் சொல்வது மரியாதை. நைஜீரியா நாட்டில் இந்த அட்டையைப் பரப்பிய டேவிட் மோர்லி என்னும் மருத்துவர் அட்டையைத் தாயின் கையிலேயே கொடுத்துவைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. நம்மிடமும் தாய்சேய் அட்டை தாயிடந்தான் இருக்கவேண்டும். பிரசவத்துக்காக நகரிக்கோ புத்தூருக்கோ தாய்வீடு செல்லும் பெண்கள், திரும்புகையில் அங்கு நிறுத்த எடைகளையும் கேட்டு எழுதி வருவார்களாயின் கோடு அறுபடாது.

இனி உணவு. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே, தண்ணீரும் வேண்டா. கோடு படுப்பது பெரும்பாலும் அதன் பிறகுதான். ஏன்? கஞ்சி என்ற பெயரில் நாம் கொடுப்பது தண்ணீர். ஆறு மாதக் குழந்தையின் வயிறு ஒரு தம்ளர் கொள்ளும். அதை நீர்த்த கஞ்சியால் நிரப்பினால் வயிறு நிரம்பும், உடம்பு நிரம்பாது. கரண்டியிலிருந்து வழிந்தோடாத அளவுக்குக் கெட்டியாகக் குழைத்து, அதில் ஒரு சிறு கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்க்கவேண்டும். கெட்டியாயிருந்தால் குழந்தை விழுங்காது என்பீர்கள். அதற்கும் நம் வீட்டிலேயே வழி உண்டு. கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, கருகாமல் இளஞ்சூட்டில் வறுத்து அரைத்த மாவைச் சிறிது கலந்தால், முளைத் தானியத்தில் உள்ள நொதி கெட்டிக் கூழையும் இளக்கிவிடும். நீர் ஊற்றாமலே இளகும்; சத்து குறையாது. எட்டு மாதம் வரை நாளைக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பது மாதத்திற்கு மேல் மூன்று நான்கு வேளை, தாய்ப்பாலுக்கு மேலாக. அங்கன்வாடியில் தரும் சத்துமாவு குழந்தைக்குரியது. அது வீட்டில் எல்லோருக்கும் பலகாரமாகிவிடுவதை நாம் அறிவோம்.

இந்த வட்டாரத்து விவசாயிகளிடம் ஒன்று கேட்கவேண்டும். நம் மேட்டு நிலங்களில் வேர்க்கடலை விளைகிறது. மூட்டை கட்டி விற்பனைக்கு அனுப்புகிறோம். அதன் பணத்தில் ஒரு பகுதி சர்க்கரையும் பால்பொடியும் கலந்த டப்பாவாக வீடு திரும்புகிறது. வறுத்துத் தோல் நீக்கி நைய அரைத்த வேர்க்கடலை ஒரு கரண்டி, வேகவைத்த பருப்பு ஒரு கரண்டி, வீட்டுக் கோழியின் முட்டை ஒன்று: இவை அந்த டப்பாவுக்குச் சளைத்தவையல்ல, விலையோ மிகக் குறைவு. ஆனால் முழுக் கடலையைச் சிறு குழந்தையின் வாயில் போடாதீர்கள், மூச்சுக்குழலில் சிக்கும். பிஸ்கத்துப் பொட்டலமும் இனிப்புக் குளிர்பானமும் பசியைக் கெடுப்பவை. சில குழந்தைகளிடம் இவற்றால் கோடு வேண்டாத வேகத்தில் மேலே ஓடுவதையும் இப்போது காண்கிறோம். அதுவும் நல்ல செய்தியன்று.

கோட்டைச் சாய்க்கும் மற்றொன்று வயிற்றுப்போக்கு. அப்போது பால் கூடாது, சோறு கூடாது என்று பட்டினி போடுவது பழைய வழக்கம். அது கொடிய வழக்கம். தாய்ப்பாலை நிறுத்தாமல், உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுத்து, கிராம சுகாதாரச் செவிலியர் தரும் துத்தநாக மாத்திரையைப் பதினான்கு நாளும் விடாமல் கொடுக்கவேண்டும். போக்கு நின்றதும் மாத்திரையை நிறுத்துவோர் பலர். நோய் தீர்ந்த பின் இரண்டு வாரம் ஒரு வேளை அதிகம் ஊட்டினால் இழந்த எடை மீளும். குடிநீர்த் தொட்டியைக் கழுவிக் குளோரின் இடுவதும் குழந்தையின் எடையும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதை இங்கே பஞ்சாயத்தார் காண்பார்களாக.

சில அறிகுறிகளில் காத்திருக்கலாகாது. ஆறு மாதத்திற்கு மேற்பட்ட குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலோ, இரு கால்களிலும் வீக்கம் கண்டாலோ, குழந்தை உண்ணவே மறுத்தாலோ, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுசெல்லவேண்டும். கூலி போய்விடுமே என்று தந்தை தயங்கினால், வண்டி ஏற்பாடு செய்வது ஊர்ப் பெரியவர்களின் பொறுப்பு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 22 பேர் எடை குறைந்தவர்கள். நாட்டின் சராசரியைவிட இது மேல்தான். ஆனால் நால்வரில் ஒருவர் என்பது எந்தத் தெருவிலும் எண்ணிப் பார்க்கக்கூடிய கணக்கு. இக்கணக்கை அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் நீங்கள் கேட்கவேண்டும். குழந்தைகளின் பெயர் வேண்டா. இந்த மாதம் எத்தனை குழந்தைகளை நிறுத்தீர்கள், எத்தனை பேருக்கு எடை ஏறவில்லை, அவர்கள் வீட்டுக்கு யார் சென்றார்கள் என்ற மூன்று கேள்விகள் போதும்.

கடைசியாக, எந்தப் பதிவேட்டிலும் சேராத குழந்தைகள். நம் மாவட்டத்தில் செங்கல் சூளைகள் பல. கரும்பு வெட்டவும் வெளியூர்க் கூட்டத்தார் வருகிறார்கள். அவர்களுடைய குழந்தைகள் சூளையோரக் குடிசையில் பகலெல்லாம் மூத்த குழந்தையின் காவலில் கிடக்கின்றன. அவர்களின் அட்டை சொந்த ஊரில், குழந்தை இங்கே. ‘நம் ஊர்க் குழந்தை அல்லவே’ என்று அங்கன்வாடியும் அழைப்பதில்லை, தாயும் கேட்கத் துணிவதில்லை. அங்கன்வாடியில் இடம் தர ஊர்க்காரராக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை ஏதுமில்லை. மழை ஓய்ந்து சூளை வேலை தொடங்கும் வாரத்திலேயே, அந்தந்தப் பஞ்சாயத்து அங்கத்தினர் பணியாளரையும் செவிலியரையும் அழைத்துக்கொண்டு தராசுடன் அங்கே செல்லவேண்டும். சூளை உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லி, தாய்மாருக்கு அரைநாள் கூலி பிடிக்காமல் விடும்படி கேட்டு வையுங்கள். புதிய அட்டை வேண்டிய அளவு தருவதற்கு நாம் ஏற்பாடு செய்கிறோம்.